சிவப்பு மரம் என்றே எழுதியிருந்தது

துரைசாணி சீமைக்குப் புறப்படுமுன் எழுதிக்கொடுத்த தாளில் ஆறு வரிகளே இருந்தன. அவற்றை என் அண்ணனுக்குத் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான். ஆறு வரிகளையும் பிழையறச் சொன்னேன் என்பதில் இன்றுவரை எனக்கு ஐயமில்லை. அதன் பின்னர் நடந்தவற்றுள் எது பிழை, எது பிழையன்று என்பதைத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னால் பிரித்தறிய இயலவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. வட்டகொடைப் புகைவண்டி நிலையத்திலிருந்து மலைமேல் மூன்று கல் தொலைவில் இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அத்தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருந்தேன். ஒரே கூடத்தில் ஐந்து வகுப்புகள். மழை வலுத்தால் தகரக்கூரையின் இரைச்சலில் ஐந்து வகுப்புகளும் ஒருங்கே வாய்மூடும். அண்ணன் என்னைவிடப் பதினோராண்டு மூத்தவர். நான் இலக்கணம் படித்த காலமெல்லாம் அவர் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நின்றார். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழங்காலுயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குவதே கவ்வாத்து. வெட்டிய செடி சில கிழமைகள் விறகுக்கட்டைபோல நிற்கும். பின்னர் அடிக்கட்டையிலிருந்து தளிர் வெடிக்கும். அடியிலிருந்து கிளம்பும் தளிரே செடியின் உயிர் என்பது இருபதாண்டுக் காலத்தில் அவருடைய கைகள் கற்றுக்கொண்டது.

ஓர் ஆடிமழையில் அவர் மலைநீர் வடியும் கானுக்குள் சறுக்கி விழுந்தார். இடக்கால் முறிந்தது. எலும்பு கூடியது, கோணலாகக் கூடியது. சமதரையில் நடப்பார், சரிவில் நிற்க இயலாது. சரிவில் நிற்க இயலாதவருக்குத் தேயிலை மலையில் வேலையில்லை. அண்ணி கொழுந்து பறித்துவந்தார் எனினும், ஆண்பேர் பதிவில் இல்லாத குடும்பத்துக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அறையை விட்டுவைப்பதில் அத்தோட்டத்தில் எப்போதும் இழுபறிதான். மூன்று பெண்மக்கள் வேறு. அந்த நிலையில் அவரைப் பங்களாவின் பூந்தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டவர், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மனைவியான துரைசாணி. மலை முழுதும் சரிவாயிருக்க, பங்களாவைச் சுற்றி இருந்த ஒரு துண்டுச் சமநிலத்தின்மேல் அண்ணனின் குடும்பம் நின்றது.

அம்மரம் மாசி மாதத்தில் வந்தது. புகைவண்டியில் வந்திறங்கிய மரப்பெட்டியை இருவர் கம்பில் கோத்துத் தோளில் சுமந்து மலையேறினர். உள்ளே சாக்கில் பொதிந்த வேரோடு, என் மார்பளவு உயரத்தில், இலையற்ற ஒரு கன்று. ஜப்பான் தேசத்து மேப்பிள் மரம் என்றார் துரைசாணி. அது பூவுக்காக வளர்ப்பதன்று, காய்க்காகவும் அன்று. இலையைப் பார்ப்பதற்காகவே வளர்ப்பது என்று அவர் எனக்கு விளக்கியபோது, இலையைக் கிள்ளி விற்றுப் பிழைக்கும் ஒரு மலையில் இலையைப் பார்ப்பதற்கென்றே ஒரு மரமா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

விறாந்தைப் படிக்கு நேரெதிரே அண்ணன் அதை நட்டார். மூன்று கிழமைகளில் இலை விரிந்தது. அந்தச் சிவப்பை நான் அதற்குமுன் இலையில் கண்டதில்லை. ஏழு விரல் கொண்ட சிறு உள்ளங்கைபோல ஒவ்வோரிலையும். விரல்களின் விளிம்பெல்லாம் நுண்ணிதாகக் கத்தரித்துவிட்டாற்போன்ற வெட்டு. கொழுந்துக்குப் போகும் பெண்கள் வேலியோரம் நின்று பார்த்தனர்.

"மருதோண்டி வச்ச கை மாதிரியில்ல இருக்கு," என்றாள் ஒருத்தி.

"கலியாணம் எப்பன்னு கேளு," என்றாள் மற்றவள்.

அன்றுமுதல் லயத்தில் அதற்கு மருதோண்டி மரம் என்று பெயராயிற்று. துரைசாணி ஒவ்வொரு மாலையும் தேநீரோடு வந்து அதன் எதிரே அமர்வார். அவருக்குத் தமிழில் நாற்பது சொற்கள் தெரிந்திருக்கலாம்; அண்ணனுக்கு ஆங்கிலத்தில் நான்கு. இருந்தும் அவ்விருவரும் அம்மரத்தைப் பற்றிக் கையசைவாலேயே நெடுநேரம் பேசிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன்.

ஆவணியில் துரையும் துரைசாணியும் விடுமுறைக்குச் சீமை சென்றனர். ஒன்பது மாதம் கழித்தே திரும்புவதாக ஏற்பாடு. அப்போது எழுதிக்கொடுத்ததுதான் அந்தத் தாள். எப்போது நீர் வார்ப்பது, காற்றுக்கு எப்பக்கம் தட்டி கட்டுவது, உறைபனி விழும் நாள்களில் அடியை எவ்வாறு சாக்கினால் மூடுவது என்றெல்லாம் அதில் இருந்தது. ஐந்தாவது வரி இது: அடிமரத்தில் இருக்கும் முடிச்சுக்குக் கீழேயிருந்து எழும் எதனையும் உடனே கிள்ளிவிடுக. ஏன் என்று எழுதவில்லை. முடிச்சு என்பது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஆறிய புண்போலத் தடித்திருந்த ஒரு வளையம்.

"சரி, கிள்ளிப்புடுவோம்," என்றார் அண்ணன்.

பதிலுக்கு வந்த துரை மணமாகாதவர்; பூந்தோட்டத்தைத் திரும்பியும் பாராதவர். அதனால் அதன் மேற்பார்வை கண்டாக்கிடம் வந்தது. தோட்டத்து அதிகாரிகளில் துரைக்கு அடுத்த குரல் அவருடையது. முதல்நாளே அவர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒன்னைய இங்க வச்சிருக்கிறது இதுக்காகத்தான், தெரியும்ல? இது போச்சுன்னா நீ காலையில பெரட்டுக்கு வந்துரு. மலையில எடம் தாரேன்," என்று சொல்லிச் சென்றார். பெரட்டு என்பது விடியலில் பேர்பதிந்து ஆள்களை மலைக்கு அனுப்பும் வரிசை; மலையில் இடம் என்பதன் பொருள் அண்ணனுக்கு விளங்காமலில்லை.

ஐப்பசி மழையில் முடிச்சுக்குக் கீழே தளிர்கள் எழுந்தன. அவை பச்சை நிறம். தாளில் கண்டவாறே அண்ணன் கிள்ளினார். மீண்டும் எழுந்தன, மீண்டும் கிள்ளினார். கார்த்திகையில் காற்று மாறியது. மேலே இருந்த சிவந்த இலைகள் ஓரங்கருகிச் சுருண்டன. மார்கழி பாதியில் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. அம்மாத முடிவில் மரத்தில் ஓர் இலையும் இல்லை.

இதைப் படிப்போர் நகைக்கக்கூடும். குளிர்நாட்டு மரம் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் என்பது இன்று எனக்கும் தெரியும். அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தேயிலை என்றும் பச்சை. சவுக்கு என்றும் பச்சை. முள்முருக்கை நாங்களே தறிப்போம். எங்கள் மலையில் ஒரு மரம் மொட்டையாக நின்றால் அதை நாங்கள் வெட்டியிருக்க வேண்டும், அல்லது அது செத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் உண்டென்று எண்ண இடமேயில்லை. பெட்டியில் அது இலையற்று வந்ததைக்கூடப் பயணத்துக்காக இலையைக் கழித்து அனுப்பியது என்றே எண்ணியிருந்தோம். துரைசாணியோ அதை எல்லாரும் அறிந்த செய்தி என்று கருதி எழுதாது விட்டிருக்கிறார்.

மேலே இலை கருகத் தொடங்கியபோதே அண்ணன் கிள்ளுவதை நிறுத்தியிருந்தார். கிள்ளாது விட்ட பச்சைத்தளிர்கள் இரண்டு, சாக்கின் மறைவில், பனிக்கும் அஞ்சாது முழங்காலுயரம் வளர்ந்தன. மேலே வெறுங்கொம்பு; கீழே பச்சை. தை மாதத்து ஞாயிறொன்றில் என்னை அழைத்துச் சென்று காட்டினார். அண்ணியும் உடன் வந்தார். பங்களாச் சமையற்காரரும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் அண்ணனுக்கு மச்சான் முறை. அதனால் வாயை அடக்குவது வழக்கமில்லை.

"மச்சான், செத்த மரத்துக்கு நீ சாக்குப் போத்துறது, பொணத்துக்குக் கம்பளி போத்துற மாதிரி இருக்கு," என்றார்.

"சும்மா இருங்கண்ணே. அவுகளே ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்காக," என்றார் அண்ணி.

அண்ணன் கத்திமுனையால் ஒரு கொம்பைச் சுரண்டினார். பட்டைக்கடியில் பழுப்பு. இன்னொன்றைச் சுரண்டினார். அங்கே இளம்பச்சைபோலத் தோன்றியது. மூன்றாவதில் எந்த நிறமென்று எங்களால் சொல்ல இயலவில்லை. நால்வரும் குனிந்து பார்த்தோம். நால்வரும் நான்கு விதமாகச் சொன்னோம்.

"தாள்ல என்னா இருக்கு, மறுபடி சொல்லு தம்பி."

சொன்னேன். முடிச்சுக்குக் கீழே எழும் எதனையும் உடனே கிள்ளிவிடுக.

"கிள்ளிட்டா அப்புறம் என்னா இருக்கும்? உசுரோட இருக்கிறதே இது ரெண்டுதான்."

"காயிதத்துல எழுதியிருக்கிறது மரத்துக்குத் தெரியுமா?" என்றார் அண்ணி.

"தேயிலையா இருந்தா நான் ரெண்டாவது பேச்சுப் பேச மாட்டேன்," என்றார் அண்ணன். "பட்ட மேல்கட்டைய அறுத்து எறிஞ்சுட்டு அடித்தளிர எடுத்துருவேன். பட்டதை வச்சிருந்தா அது நல்லதையும் கூட்டிக்கிட்டுப் போயிரும். ஆனா இது தேயிலை இல்ல. நீ படிச்சவன். நீ சொல்லு."

எனக்குத் தெரிந்தது அந்தத் தாள் ஒன்றே. அத்தாள் சொல்வதோ கண்முன் இருப்பதற்கு முரணாக இருந்தது. எழுத்தை நம்புவதா, இலையை நம்புவதா என்று தடுமாறி நின்றேன். கண்டாக்கு மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மொட்டை மரத்தைக் காட்டுவதைவிடப் பச்சை மரத்தைக் காட்டுவது மேல் என்று தோன்றியது. அது மரத்தைப் பற்றிய எண்ணமன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"வெட்டுங்கண்ணே," என்றேன்.

முடிச்சுக்குச் சற்றுக் கீழே, மேலிருந்த தளிருக்கு ஒரு விரற்கடை உயரத்தில், அண்ணன் சாய்வாக அறுத்தார். கவ்வாத்துக்காரரின் அறுப்பு, ஒரு பிசிறு இல்லை. மேற்பகுதி முழுதும் புல்லில் சாய்ந்தது. அறுத்த முகம் வெண்மையாக இருந்தது. அதன்மேல் ஈரம் அரும்புவதை நான் கண்டேன். அண்ணனும் கண்டார். சாணத்தைக் குழைத்து அதன்மேல் அப்பினார்.

மறுநாள் வந்த கண்டாக்கு, "ம், பச்சையாத்தான் இருக்கு," என்று சொல்லிப் போய்விட்டார்.

அறுத்த கொம்புகளைச் சமையற்காரர் எடுத்துச் சென்று, குசினிக்குப் பின்னால் பட்டாணிக் கொடிக்கு ஊன்றுகோலாக ஈரமண்ணில் குத்தினார். இரண்டு கிழமை சென்றிருக்கும். அவர் பாடசாலைக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"வாத்தியாரே, ஒரு வெசயம். அந்தக் குச்சியெல்லாம் மொளைக்குது."

போய்ப் பார்த்தோம். பட்டாணிக்கு ஊன்றிய கொம்புகளில் கணுதோறும் சிவந்த மொட்டுகள் வெடித்திருந்தன. சில விரிந்து, நகத்தளவில், விளிம்பு கத்தரித்த சிவந்த கைகளாக நின்றன. அண்ணன் அவற்றின் முன்னே கோணற்காலை நீட்டியவாறு தரையில் அமர்ந்துவிட்டார்.

"உசுரோட இருந்ததைத்தான் அறுத்திருக்கேன்," என்றார்.

"செத்தது எப்பிடி மொளைக்கும்? இது என்னா கூத்துன்னே எனக்கு வெளங்கல," என்றார் சமையற்காரர்.

அக்கொம்புகள் அனைத்தையும் அண்ணன் பெயர்த்தெடுத்து, நிழலில் பாத்திகட்டி, சாக்குப் பந்தலிட்டு நட்டார். தேயிலைத் துண்டுகளை நாற்றுமேடையில் வைத்து வேர்பிடிக்கச் செய்வதை அறிந்தவர் அவர். நாள்தோறும் மூன்றுமுறை நீர் தெளித்தார். வேர் பிடிக்கவில்லை. தம்முள் இருந்த சாறு தீரும்வரை சிவந்திருந்து, ஒரு மாதத்தில் எல்லாம் கருகின. குசினிச் சாளரத்தில் சமையற்காரர் ஒரு சிறு கிளையைப் போத்தல் நீரில் வைத்திருந்தார். அதுவும் இலையோடு காய்ந்தது. அவர் அதை எறியவில்லை.

பச்சைத்தளிர்களோ வளர்ந்தன. சித்திரை முடிவில் பழைய உயரத்தை எட்டிவிட்டன. இலை அதே ஏழு விரல். ஆயின் அகலமானது, விளிம்பில் நுண்வெட்டு இல்லாதது, நிறம் வெறும் பச்சை. "மருதோண்டி அழிஞ்சு போச்சு," என்றனர் கொழுந்துப் பெண்கள்.

வைகாசியில் துரைசாணி திரும்பினார். அதற்கு முதல்நாள் அண்ணன் என்னிடம் வந்தார். நடந்தது அத்தனையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றையும் மறைக்கக் கூடாது. தாம் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும்," என்றார். அன்றிரவு அவ்வாங்கில வாக்கியங்களை மனத்துள் ஒழுங்காகக் கட்டிவைத்தேன். உயிரோடிருந்ததை அறியாமல் அறுத்தார் என்பதற்கு ஒரு வாக்கியம். பின்னர் அது தளிர்த்ததைக் கண்டோம் என்பதற்கு ஒன்று. வெட்டச் சொன்னவன் நான் என்பதற்கு ஒன்று.

துரைசாணி படியிறங்கி மரத்தின் முன் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அண்ணன் பேசத் தொடங்கினார். எலை உதிர்ந்ததுங்க, செத்துப்போச்சுன்னு நெனச்சேனுங்க, தாள்ல சொன்னதை மீறிட்டேனுங்க, அறுத்த குச்சி அப்புறம் மொளைச்சதுங்க, நட்டுப்பாத்தேன் வரலீங்க என்று நீளமாகச் சொல்லி முடித்து என்னைப் பார்த்தார்.

நான் வாய்திறந்தேன். மேற்பகுதி செத்துவிட்டது, அம்மா. வேரைக் காப்பாற்றுவதற்காக அதை அறுத்தார். இவ்வளவே என் வாயிலிருந்து வந்தது.

"முழுவதும் செத்துவிட்டதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் துரைசாணி.

"ஆம்," என்றேன்.

அவர் பச்சையிலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். பின்னர் அண்ணனை நோக்கித் தமிழில், "வேர் இருக்கு. போதும்," என்றார். தொப்பியை அணிந்துகொண்டு உள்ளே சென்றார்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்," என்றேன்.

அவருடைய வேலை நிலைத்தது. என் நெஞ்சுதான் நிலைகொள்ளவில்லை. மன்னிப்பு ஒரு செயலுக்குக் கேட்கப்பட்டது. வேறொரு செயலுக்குக் கொடுக்கப்பட்டது. இடையில் நின்றவன் நான். சில நாள் கழித்துச் சமையற்காரர் ஒன்று சொன்னார். அது குழப்பத்தை மேலும் பெருக்கியது.

"வாத்தியாரே, குசினி சன்னல்ல போத்தல்ல வச்சிருந்தேன்ல, அந்தக் காஞ்ச கெளை? தொரசாணி வந்த அன்னைக்கே பாத்துட்டாங்க. கையில எடுத்து ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் ஒரு புஸ்தகத்துக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

"உங்களிடம் ஏதாவது கேட்டார்களா?"

"சாப்பாட்டுக்கு என்னான்னு கேட்டாங்க."

செத்த கொம்பில் நகத்தளவு புதுத்தளிர் வராது என்பது துரைசாணிக்குத் தெரியாதிருக்குமா? தெரிந்திருந்தால் என் பொய்யும் தெரிந்திருக்கும். அப்படியானால் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? அவர் அக்கிளையைப் பார்த்தது எங்களோடு பேசுவதற்கு முன்னரா, பின்னரா என்பதும் சமையற்காரருக்கு நினைவில்லை. முன்னரென்றால் அவர் என்னைச் சோதித்தார். பின்னரென்றால் நாங்கள் பிழைத்தோம். பாடசாலையில் கரும்பலகையின் முன் நிற்கையிலும் இதையே எண்ணி, எழுதிய வரியை முடிக்காது நின்ற நாள்கள் உண்டு.

அவ்வாண்டு மார்கழியில் அண்ணன் ஆளனுப்பி என்னை அழைத்தார். போனேன். பச்சை மரம் சிவந்து நின்றது. முன்னைய சிவப்பன்று, நெருப்பு அணையுமுன் கொள்ளியில் இருக்கும் சிவப்பு. துரைசாணி விறாந்தையில் கோப்பையோடு அமர்ந்திருந்தார். ஓராண்டுக்கு மேல் கழித்துப் பழைய நாற்காலி பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"தம்பி, இது அதேதானா?" என்று கேட்டார் அண்ணன், உதடு அசையாமல்.

"தெரியவில்லையண்ணே."

"அதேன்னா, நான் எதை அறுத்தேன்? அது இல்லேன்னா, இது எப்பிடிச் செவந்துச்சு?"

பத்து நாளில் அவ்விலைகளும் உதிர்ந்தன. மரம் மீண்டும் மொட்டையாயிற்று. அண்ணன் தம் கத்தியையும் மரமறுக்கும் வாளையும் ஒரு சாக்கில் சுற்றி என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "பங்குனி வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காத," என்றார். இருமுறை கேட்டார், கொடுக்கவில்லை. பங்குனியில் இலை வந்தது. பச்சை.

பின்னர் ஆண்டுதோறும் அவ்வாறே. ஒட்டுமரம் என்பதன் தன்மையைப் பின்னாளில் ஒரு வேளாண்மை நூலில் படித்தேன். அடிமரம் ஒன்று, அதன்மேல் ஒட்டிய கிளை வேறொன்று. ஒட்டுக்குக் கீழே எழுவது அடிமரத்தின் இனம். துரைசாணி விலைகொடுத்து வாங்கியது மேற்கிளையை; நாங்கள் காப்பாற்றியது அடிமரத்தை. அதுவும் அவ்வினத்தின் எளிய உறவுதான். குளிரில் சிவப்பது அதற்கும் இயல்பு. இதைப் படித்தபின் தெளிவு பிறந்திருக்க வேண்டும். பிறக்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். "அப்ப பாதி அதே மரம்," என்றார். அதுவும் சரிதானே என்று பட்டது.

அறுபதுகளின் தொடக்கத்தில் துரையும் துரைசாணியும் தோட்டத்தைவிட்டு நிலையாகப் புறப்பட்டனர். புதிய துரைக்கென்று துரைசாணி ஒரு கடிதத்தை அண்ணனிடம் கொடுத்துச் சென்றார். உறை ஒட்டப்படவில்லை. அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்தார். படித்தேன். வாசலில் நிற்கும் சிவப்பு மரத்தை இவரே வளர்த்து வருகிறார். அதன் போக்கு இவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. அம்மரம் நிற்கும்வரை இவரை வைத்திருப்பது நன்று. சிவப்பு மரம் என்றே எழுதியிருந்தது. மறந்து எழுதினாரா, அறிந்து எழுதினாரா, அல்லது அவர் கண்ணுக்கு அது என்றுமே சிவப்பு மரந்தானா? கடிதத்தை மூன்றுமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறொரு விடை வந்தது.

புதிய துரை தென்பகுதியிலிருந்து வந்த சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். செலவைச் சுருக்கும்படி மேலிடம் சொல்லியிருந்ததாகவும், பங்களா ஆள்களைப் பாதியாக்கப்போவதாகவும் பேச்சு இருந்தது. ஆடி மாதத்தில், அண்ணன் கொடுத்த கடிதமும் கையுமாக அவர் படியிறங்கினார்.

"சிவப்பு மரம் எங்க?"

"இதுதாங்க."

"இது பச்சை."

"மார்கழியில செவக்குங்க."

துரை கடிதத்தை ஒருமுறையும் மரத்தை ஒருமுறையும் பார்த்தார். "சரி. மார்கழியில பாப்போம். அதுவரைக்கும் வேலைய செய்," என்றார்.

அந்த ஆண்டு குளிர் வரவில்லை. கார்த்திகை முடிந்தும் காலையில் புல்லில் வெறும் பனித்துளிதான், உறைபனி இல்லை. மரம் கொழுகொழுவென்று பச்சையாக நின்றது. மார்கழி பிறந்து ஐந்தாறு நாள் சென்றது. அண்ணன் நாள்தோறும் அதைச் சுற்றிவந்தார். ஒரு மாலையில், அவர் அருகில் நின்றபோது, என்னால் பொறுக்க இயலவில்லை.

"அண்ணே, அன்றைக்குத் துரைசாணியிடம் நான் எல்லாவற்றையும் சொல்லவில்லை."

"தெரியும்," என்றார் அவர், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படி?"

"நான் பத்து வார்த்தை சொன்னா நீ ரெண்டு வார்த்தை சொன்ன. இங்கிலீசு அவ்வளவு சிக்கனமாவா இருக்கும்? எண்ணவாவது எனக்குத் தெரியாதா?"

"அப்படியானால் எல்லாவற்றையும் சொன்னாயா என்று ஏன் கேட்டீர்கள்?"

"சொன்னேன்னு நீ சொல்லணும்ல. இல்லேன்னா நான் எப்பிடி வீட்டுக்குப் போறது?"

தாழ்ந்த கிளையின் இலையொன்றைத் திருப்பிப் பார்த்தார். பின்னர் அவரே, "தொரசாணிக்கும் தெரியும்னுதான் நெனைக்கிறேன். தெரியாதுன்னும் சில நாளைக்குத் தோணும்," என்றார். இத்தனை ஆண்டுகள் நான் தனியே சுமந்ததாக எண்ணிய பாரத்தை மறுபக்கத்திலிருந்து அவரும் சுமந்திருக்கிறார். இருவரும் சேர்ந்து சுமந்தும் அது எப்பக்கம் சாய்கிறதென்று தெரியவில்லை.

மார்கழிக் கடைசியில் நான்கு நாள் மட்டும் வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. ஐந்தாம் நாள் காலையில், காற்றுப்பட்ட பக்கத்து இலைகள் சிவந்தன. விறாந்தையை நோக்கிய பக்கம் அதுவே. மறுபக்கம் பச்சையாகவே இருந்தது. அலுவலகத்துக்குப் புறப்பட்ட துரை வாகனக் கதவைத் திறந்தவாறே நின்று பார்த்தார்.

"ம், சிவப்புத்தான்," என்றார். பின், "அந்தப் பக்கம்?"

"அதுக்கு இன்னும் நாளிருக்குங்க," என்றார் அண்ணன்.

துரை தலையசைத்து வாகனத்தில் ஏறினார். பங்களா ஆள்களில் இருவரை அந்தத் தை மாதத்தில் நிறுத்தினர். அண்ணனை நிறுத்தவில்லை.

மறுபக்கம் சிவக்கவேயில்லை; பச்சையாகவே உதிரத் தொடங்கிற்று. அந்த நாள்களில் ஒரு காலை, பாடசாலைக்குப் போகும் வழியில் வேலியோரம் நின்று பார்த்தேன். துரை இன்னும் எழவில்லை. அண்ணன் கோணற்காலை இழுத்தபடி குனிந்து, புல்லின்மேல் கிடந்த பச்சை இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். சிவந்தவற்றை அப்படியே விட்டுவைத்தார்.